நேசமணி யார்? குழுவுக்குள் மட்டும் சிரிக்கும் ஜோக்குகள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். நண்பர் ஒருவர் உங்களை ஒரு நகைச்சுவைக் குழுவில் சேர்த்து விடுகிறார். அங்கே யாரோ வெறும் சுத்தியல் படம் ஒன்றைப் போடுகிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கவலை வேண்டாம், கோளாறு உங்களிடம் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. இந்த வகை ஜோக்குக்கு இன்-ஜோக் என்று பெயர்.

சிரிப்பதற்குத் தேவையான தகவல் அந்த வரியிலோ படத்திலோ இருக்காது. குழுவில் இருப்பவர்களின் நினைவில் இருக்கும். அதுதான் இன்-ஜோக். பழைய ஜோக், திரும்பத் திரும்ப வரும் ஜோக் எல்லாம் இதில் சேராது. டாக்டர்-நோயாளி ஜோக்கை நூறு முறை அனுப்பினாலும் புதிதாகப் படிப்பவருக்குப் புரிந்துவிடுமே!

இது இன்டர்நெட்டுடன் பிறந்ததும் அல்ல. எட்டயபுரத்தில் சிறுவன் பாரதியை மட்டம் தட்ட நினைத்த காந்திமதிநாதன் என்பவர், அவரைச் சின்னப்பயல் என்று சொல்லும் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னதாக ஒரு கதை உண்டு. பாரதியோ தன் பெயரை ‘பார், அதி’ என்று பிரித்து, அந்தப் பட்டத்தைக் கேட்டவருக்கே திருப்பிவிட்டாராம். ஈற்றடி கொடுத்தவர் யார் என்று தெரியாதவருக்கு அந்த வெண்பாவில் பாதிச் சுவைதான் கிடைக்கும்.

இப்போது சுத்தியலுக்கு வருவோம். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் வேடம் கான்ட்ராக்டர் நேசமணி. மேலிருந்து விழும் சுத்தியல் அவர் தலையைப் பதம் பார்க்கும். 2019 மே மாதக் கடைசியில், சிவில் எஞ்சினியரிங் பற்றிய ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதினார். அவர் நலமா என்ற விசாரிப்பு தொடர்ந்தது. பிறகென்ன, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் ஹேஷ்டேக், அப்போது ட்விட்டர் என்று அழைக்கப்பட்ட தளத்தில் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது!

தமிழ் தெரியாத பலர், யார் இந்த நேசமணி, என்ன ஆயிற்று என்று குழம்பிப் போனார்கள். பத்திரிகைகளும் டி.வி.களும் விளக்கம் சொன்ன பிறகு அது இன்-ஜோக்காக இல்லை என்பதே என் கருத்து. எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அது சாதாரண சினிமா ஜோக்தானே?

நேசமணி விஷயத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் உண்மையான விபத்துச் செய்தியும் உதவி கேட்கும் மோசடிச் செய்தியும் இதே உருவத்தில்தான் வருகின்றன. எனவே, யாரென்றே தெரியாத ஒருவருக்காகப் பிரார்த்தனையோ பணமோ கேட்டு மெசேஜ் வந்தால், பார்வர்ட் பட்டனை உடனே கிளிக் செய்யாதீர்கள். அந்தப் பெயரை கூகுளில் டைப் செய்து தேடுங்கள். செய்தி எந்தத் தேதியில், எதில் வந்தது என்று பாருங்கள். அப்போதும் புரியாவிட்டால் குழுவிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் கிண்டல் செய்வார்கள், பிறகு யாராவது அந்த வீடியோவை அனுப்பி வைப்பார்கள்.