குளக்கணக்கும் கடற்கணக்கும்

அன்புள்ள மாணவிக்கு,

சிட்னியில் பாண்டாய் கடற்கரையில் தொடங்கி பிரோன்டே கடற்கரையில் முடியும் நன்கொடை நீச்சலில் கலந்துகொள்ளவிருக்கும் ஒருவர், 25 மீட்டர் குளத்தில் நூறு லேப்களை நிறுத்தாமல் நீந்திவிட்டால், கடலின் 2.4 கிலோமீட்டரும் கைக்குள் வந்துவிட்டதாகக் கொள்ளலாமா என்பது சென்ற கடிதத்தின் கேள்வி. கொள்ளலாகாது என்பதே விடை. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட முடியாதபடி, குளத்தின் லேப்களைக் கடலின் கிலோமீட்டர்களாக மாற்றிச் சொல்லும் வழக்கம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களிடமும் வாய்ப்பாடு போல வேரூன்றிவிட்டது. நூறை இருபத்தைந்தால் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு வரும் என்பதை யாரும் மறுக்கவில்லை. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பெருக்குவதுதான் எரிச்சலூட்டுகிறது.

முதலில் குளத்தின் சுவரைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு லேப்பின் முடிவிலும் நீந்துபவர் சுவரில் கால் பதித்து உந்துகிறார். அந்த உந்தலில் நான்கு மீட்டராவது கையை அசைக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறார். நூறு லேப்களில் தொண்ணூற்றொன்பது திருப்பங்கள் உண்டு என்பதால், ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவு சுவரின் கொடையாகக் கிடைக்கிறது. அந்த ஒரு கணம் கைகளுக்கு ஓய்வும் கிடைக்கிறது. கடலில் சுவர் இல்லை.

இரண்டாவது கணக்கு இதைவிடக் கடுமையானது. நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்பவர் 2.4 கிலோமீட்டரை 48 நிமிடங்களில் முடிப்பார். அவ்வேளையில் தண்ணீர் பக்கவாட்டில் நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது ஒருவர் கடைவீதியில் வேடிக்கை பார்த்தபடி நகரும் வேகத்தில், நகர்ந்துகொண்டிருந்தால், 48 நிமிடத்தில் அது நீந்துபவரை 860 மீட்டருக்கு மேல் விலக்கிவிடும். உடலைச் சூழ்ந்த நீர் முழுவதும் சேர்ந்தே நகர்வதால், அந்த நகர்வு தோலில் உறைப்பதில்லை. வியர்க்க விறுவிறுக்க நீந்தி, வேறொரு கடற்கரைக்கு நேர் எதிரே தலை தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு.

இதற்கு மேத்யூ வெப்பின் நீச்சலைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதி, டோவர் நகரின் பக்கத்திலிருந்து பிரான்சின் கிரி நே முனை வரை, ஏறத்தாழ 33 கிலோமீட்டர். வணிகக் கப்பல் தலைவராக இருந்த வெப், 1875 ஆகஸ்ட் 24 அன்று பிற்பகல் ஒரு மணிக்குச் சற்று முன் டோவரின் அட்மிரால்டி இறங்குதுறையிலிருந்து, உடலெங்கும் கடற்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டு, நீரில் குதித்தார். மறுநாள் காலை 10.41 மணிக்குக் கலே அருகே கரையேறினார். 21 மணி 45 நிமிடங்களில் அவர் கடந்த பாதையின் நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. நேர்கோட்டுத் தொலைவைப்போல அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அக்கால்வாயில் ஓதம், அதாவது நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்நீர் ஏறியிறங்கும் இயக்கம், ஏறும்போது நீரை வடகிழக்காகவும் இறங்கும்போது தென்மேற்காகவும் தள்ளி, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாற்றுகிறது. ஆகவே வரைபடத்தில் வெப்பின் பாதை கோணலும் மாணலுமாகக் கிடக்கிறது. பிரான்சின் கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும், கிரி நே முனையருகே ஓடிய நீரோட்டம் அவரை ஐந்து மணி நேரம் கரைசேர விடவில்லை. அவர் நீந்தியதோ தவளை நீச்சல். இடையிடையே சொறிமீன் கடிக்குப் பிராந்தி வேறு கொடுக்கப்பட்டது. இவையெல்லாம் படிக்கச் சுவையானவை; பின்னாளில் தீப்பெட்டிகளில் அச்சான அவருடைய மீசை முகமும் சுவையானதே. மாணவர் கற்க வேண்டியது வேறு: அந்த நீச்சலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னர், ஆகஸ்ட் 12 அன்று, வெப் ஒருமுறை இறங்கி, காற்றும் கடலும் ஒத்துவராமல் பாதையிலிருந்து வெகுதூரம் விலகிப்போனதும், ஏறத்தாழ ஏழு மணி நேர நீச்சலைப் பாதியில் விட்டுப் படகில் ஏறிக்கொண்டார். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. உண்மையில் வெற்றியைவிடக் கூர்ந்து படிக்கத்தக்கது அந்தத் தோல்வியே.

இன்றும் அக்கால்வாயை நீந்த விரும்புவோர், அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாள்களைத் தவிர்த்து, நிலவும் சூரியனும் செங்கோணத்தில் நின்று ஓதத்தின் வலிமையைக் குறைக்கும் அஷ்டமியை ஒட்டிய நாள்களையே பெரும்பாலும் தேர்கிறார்கள். தமிழர்க்கும் இக்கணக்கு புதிதன்று: தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார், வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதையே போகவும் வரவும் நீந்தினார். அந்த ஆனந்தன் 1984இல் உயிரிழந்தது இதே ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது என்பதை, கையின் வலிமையே எல்லாம் என்று பேசுவோர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

சிட்னியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவாதலால், கால்வாயின் உவமானம் அங்கே பொருந்தாது என்று வாதிடலாம். அங்கே தண்ணீரைத் தள்ளுவது ஓதத்தைவிடக் காற்றும் அலையுமே, விளைவு ஒன்றுதான். பாண்டாயின் தென்முனையைத் தாண்டி மெக்கன்சீஸ் குடாவையும் தாமராமாவையும் ஒட்டிச் செல்லும் பாதையில், கரைப்பாறையில் மோதித் திரும்பும் அலையும் கடலிலிருந்து வரும் அலையும் ஒன்றையொன்று குறுக்கிடுவதால், நீர்ப்பரப்பு ஒழுங்கற்றுக் குதிக்கும். எந்தப் பக்கம் தலை திருப்பினாலும் வாய்க்குள் உப்புநீர் புகும் அந்த இடத்தில், இரு பக்கமும் மூச்செடுக்கப் பழகாதவர் திணறிப் போவார்.

கடல் நீச்சலில் கைக்கு முன் கண்ணே பழக வேண்டும் என்பது இக்கடிதத்தின் பிடிவாதமான கருத்து. ஆறு முதல் பத்து வரை கைவீச்சுக்கு ஒருமுறை, முழுத் தலையையும் தூக்காமல், மூக்கு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கக் கண்ணை மட்டும் வெளியே கொண்டுவந்து திசை பார்க்க வேண்டும். தலையை மேலும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் செத்துப்போகும். அவ்வாறு பார்க்கும் கண் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை. அந்த உயரத்திலிருந்து அடிவானமே ஒன்றரைக் கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி முடிந்துவிடும். அலையின் பள்ளத்தில் இருக்கும்போது பார்த்தால் எதிரே வெறும் தண்ணீர்ச் சுவர்தான். அலை உடலை உயர்த்தும் கணத்தில்தான் பார்க்க வேண்டும். பாதையைக் குறிக்கும் மிதவையை மட்டும் பார்ப்பதும் போதாது. மிதவைக்குப் பின்னால் கரையில் ஒரு கட்டடத்தையோ பாறைமுனையையோ தேர்ந்துகொண்டு, இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துவர வேண்டும். பின்னால் உள்ளது மிதவைக்கு வலப்புறம் விலகினால் நீந்துபவர் வலப்புறம் அடித்துச் செல்லப்படுகிறார் என்று பொருள். கோபுரத்தையும் பனையையும் கோட்டில் நிறுத்திக் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கும் மீனவரின் அறிவும் இதுவே. இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்காமல், முக்கோணவியலைக் கரும்பலகையில் மட்டும் நடத்தும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கடிதம் திசைமாறிப் போகும்.

கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் குறுகிய நீரோட்டத்துக்குச் சிட்னியில் ரிப் என்று பெயர். அது ஆளைக் கீழே இழுத்து அமிழ்த்தும் என்ற அச்சம் தவறானது. அது மேற்பரப்பிலேயே வெளியே கொண்டுபோகிறது, அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் வலுவிழக்கிறது. அதை எதிர்த்துக் கரைக்கு நேராக நீந்திக் களைப்பதால்தான் பலர் மூழ்குகிறார்கள். மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேட்பதோ, கரைக்கு இணையாக விலகி நீந்துவதோ முறை. பாண்டாயின் தென்கோடியில் எப்போதும் ஓடும் ரிப்பைப் பழகியவர்கள் இலவச வாகனமாகப் பயன்படுத்தி வெளியே போகிறார்கள். முடிவில் பிரோன்டேயில் கரையேறும்போது அதே வகை ரிப் எதிராளியாகிவிடும் என்பதால், முந்தைய நாளே மணலில் நின்று, அலை உடையாமல் இருண்டு தெரியும் நீர்த்தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைப்பது நல்லது. 1938 பிப்ரவரி 6 அன்று பாண்டாயில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் ஏறத்தாழ 250 பேரை ஒரே நேரத்தில் வெளியே இழுத்துச் சென்றன. 5 பேர் இறந்தனர், மற்றவர்களைக் கரைசேர்த்தவர்கள் அங்கிருந்த உயிர்காப்புத் தொண்டர்கள். இத்தகைய தொண்டர் கழகங்களே ஆஸ்திரேலியக் கடற்கரை நீச்சல்கள் பலவற்றை நடத்துகின்றன. திரளும் பணம் அவர்களுடைய படகுக்கும் பயிற்சிக்கும் போகிறது.

குளிர், எரிவு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் மூச்சு தானாகவே இரைக்கும். அது அடங்கும்வரை மெல்ல நீந்த வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் பூசாவிட்டால் உப்புநீரில் தோல் உராய்ந்து புண்ணாகும். ப்ளூபாட்டில் என்னும் நீலநிறச் சொறி பட்டால், ஒட்டிய இழைகளை நீக்கிவிட்டு, பட்ட இடத்தை 45 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைப்பதே அங்கு பரிந்துரைக்கப்படும் முறை.

எஞ்சியிருப்பது பணம். நன்கொடை நீச்சலில் உறவினரும் நண்பர்களும் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள்; சிலர் கலந்துகொண்டாலே தருகிறார்கள், சிலர் நீந்தி முடித்தால்தான் தருகிறார்கள். இரண்டாம் வகை ஒப்பந்தம் வெளியே பார்க்க ஊக்கம் தருவது போலத் தோன்றினாலும், நடுக்கடலில் உடல் நடுங்கத் தொடங்கிய ஒருவரைக் கையைத் தூக்கவிடாமல் தடுக்கும் தீமை அதில் உண்டு. நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ் 2006 ஜூலையில் ஸ்போர்ட் ரிலீஃப் அறக்கொடைக்காக ஆங்கிலக் கால்வாயை 10 மணி 34 நிமிடங்களில் நீந்திப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியபோது, அவரோடு வந்த வழிகாட்டிப் படகுக்கு அவரை எந்த நேரமும் மேலே ஏற்றிவிடும் அதிகாரம் இருந்தது. கூட்டத்தோடு நீந்தும் மாணவிக்கு அந்த அதிகாரம் தன்னிடமே இருக்க வேண்டியிருக்கிறது. 1875இல் பாதியில் படகேறத் தெரிந்த வெப், 1883 ஜூலையில் புகழும் வருமானமும் எதிர்பார்த்து நயாகராவின் சுழல்நீரில் இறங்கினார். அங்கே திரும்பிவர இடமிருக்கவில்லை, இறந்துபோனார். ஆகவே நன்கொடைத் தாளில் கையொப்பம் வாங்கும்போதே, நீரில் இறங்கினால் தரப்படும் தொகை என்று எழுதி வாங்குவது நல்லது. முடித்தால்தான் என்று அடம்பிடிக்கும் மாமாக்களிடம் வாங்காமல் விட்டாலும் கழகம் ஒன்றும் ஏழையாகிவிடாது.

நூறு லேப் பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை. சற்று மாற்றினால் போதும். சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னதாகவே, அதைத் தொடாமல் திரும்பி, உந்தலின்றி நீந்திப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் ஆள் இல்லாத வேளையில் கண்ணை மூடிக்கொண்டு இருபது கைவீச்சு நீந்தி, கண் திறக்கும்போது உடல் எந்தக் கயிற்றை ஒட்டி நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் எப்போதும் ஒரே பக்கமாகவே சாய்ந்து போகிறார்கள். எந்தப் பக்கம் என்பது மாணவியின் அடுத்த கடிதத்தில் எழுதப்படும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அன்புடன்,
ஆசிரியர்