உலகமெங்கும் கிறிஸ்துமஸ் – நன்னிலத்திலிருந்து ஒரு பார்வை



டிசம்பர் 25 என்றால் காலண்டரில் சிவப்பு எழுத்து, கேக், பனி மூடிய மரம் போட்ட வாழ்த்து அட்டை. நம்மில் பலருக்கு இவ்வளவுதான் தெரியும். அந்த அட்டையில் இருக்கும் பனி வேறு, நம்ம ஊர் மார்கழிப் பனி வேறு. அங்கே கூரை மேல் உறைந்து கிடப்பது; இங்கே விடியற்காலையில் சம்பாக் கதிரை நனைத்துவிட்டு எட்டு மணிக்குள் காணாமல் போவது. ஆனாலும் ஒரே பண்டிகையை இரண்டு இடத்திலும் கொண்டாடுகிறார்கள். எப்படி? அவரவர் கையில் கிடைத்ததை வைத்துத்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குடிலை எடுத்துக்கொள்வோம். இயேசு பிறந்ததும் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியில் கிடத்தினார்கள் என்கிறது பைபிள். இத்தாலியைச் சேர்ந்த புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் வைக்கோலைப் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டு வந்து நிறுத்தி அதைக் காட்சியாக்கினார். குடில் வைக்கும் வழக்கம் அதன் பிறகுதான் பரவியது.

என் வகுப்பு நண்பன் வீட்டுக் குடிலுக்கு வைக்கோல் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். குறுவை அறுத்த வைக்கோல். ஐப்பசி மழையில் நனையாமல் மிஞ்சியதில் நல்லதாகப் பார்த்து அப்பா ஒரு கட்டு எடுத்துக் கொடுக்கும். பத்து நாளைக்கு முன்பே தட்டில் மண் போட்டு நெல்லோ கேழ்வரகோ தெளித்து விடுவார்கள். பண்டிகைக்குள் பச்சைப் பசேல் என்று முளைத்துக் குடிலுக்குப் புல்வெளி ஆகிவிடும். நம்ம அம்மன் கோவில் முளைப்பாரியேதான்!

ஒரு வருடம் அம்மாவையும் அழைத்துப் போனேன். வைக்கோல் மேல் இருந்த குழந்தை சொரூபத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்னடா அதிசயம்? நடவுக்குப் போறப்ப உன்னையும் வரப்புல வைக்கோல் மேலதான் போட்டுட்டு எறங்குவேன்" என்றது. நண்பனின் அம்மா சிரித்துவிட்டு, "அதத்தான் அக்கா அந்தக் கதையும் சொல்லுது" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இனி நம்மைப் போலவே நெல் விளையும் நாடான பிலிப்பைன்ஸைப் பார்ப்போமா? அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியும் முன்பே கோவிலில் பூசை நடக்கும். சிம்பாங் காபி என்று பெயர். வயலுக்குப் போகிறவர்கள் வேலைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று வந்த வழக்கமாம். டிசம்பர் 16 என்பது நமக்கு ஏறக்குறைய மார்கழி ஒன்று. அங்கே அவர்கள் குளிரில் எழுந்து கோவிலுக்குப் போகும் அதே நாட்களில் இங்கே பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும்; நம் அக்கா தங்கைகள் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இதோடு முடியவில்லை. பூசை முடிந்ததும் கோவில் வாசலில் சூடாக விற்கும் பலகாரம் புட்டோ பும்போங். ஊறவைத்து அரைத்த ஊதா நிறப் பச்சரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்துத் தருவார்கள். நம்ம குழாய்ப் புட்டுதான், வேறென்ன! அங்கே வீட்டுக்கு வீடு தொங்கும் பரோல் என்ற நட்சத்திர விளக்கும் மூங்கில் பிளாச்சும் காகிதமும் கொண்டு செய்வதே.

எல்லா நாட்டிலும் தேதியும் ஒன்றல்ல. ரஷ்யாவிலும் செர்பியாவிலும் ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ். காரணம் கணக்குதான். அவர்கள் சபை இன்னும் பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றுகிறது. 1582-ல் வந்த கிரிகோரியன் காலண்டருக்கும் அதற்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். 2100-ஆம் ஆண்டு புதிய கணக்கில் லீப் வருடம் இல்லை, பழைய கணக்கில் உண்டு. எனவே 2101 முதல் அது ஜனவரி 8 ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்பது கோடைக்காலம். மெல்போர்ன் நகரில் 1938 முதல் திறந்த வெளியில் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடுகிறார்கள். மழைக்குப் பயந்து பந்தல் தேடும் நமக்குப் பொறாமையாக இருக்கிறது.

தூர தேசம் என்று நினைக்கும் டென்மார்க் உண்மையில் நமக்குப் பக்கத்து ஊர்தான். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் நாட்டில் 24-ஆம் தேதி இரவுதான் பண்டிகை. குடும்பமே கைகோத்து மரத்தைச் சுற்றி ஆடும். விருந்தின் கடைசியில் பாலும் அரிசியும் சேர்த்துச் செய்த இனிப்பு வரும். அதற்குள் ஒரே ஒரு முழு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. நெல்லே விளையாத ஊரில் பண்டிகைக்கு அரிசி!

டேனிஷ் அரசர் அனுப்ப 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்க் ஒரு ஜெர்மானியர். தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அதற்குப் பின் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), நம்ம குறவஞ்சி வடிவத்திலேயே பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவரும் கையில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார்.

1760-ல் மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களும் தரங்கம்பாடியில் வந்து குடியேறினார்கள். இந்தச் சபையைப் பற்றி, குறிப்பாக மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தி உண்டு. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் இச்சபை நடத்திய பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் ஜியோமெட்ரி பாடத்துக்காகக் காகிதத்தில் ஒரு நட்சத்திரம் செய்தார்கள். உள்ளே இருக்கும் உருவத்துக்கு 26 முகங்கள்: 18 சதுரம், 8 முக்கோணம். மேலே ஒரு சதுரத்தை விளக்குக்கும் கயிற்றுக்கும் விட்டுவிட்டால் மீதி 25. அவற்றின் மேல் 17 சதுர பிரமிடும் 8 முக்கோண பிரமிடும் ஒட்ட வேண்டும். டிராயிங் ஹாலில் முதுகு வலிக்க நாம் போட்ட பிரமிடு டெவலப்மெண்ட், அதேதான்! வகுப்புப் பயிற்சியாகப் பிறந்த அந்த நட்சத்திரம் இன்று பல நாடுகளில் கிறிஸ்துமஸ் விளக்காகத் தொங்குகிறது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. மழைக்கு மட்டும் தாங்காது.

இவ்வளவு எழுதிவிட்டு நம் மாவட்டங்களின் டிசம்பர் 25-ஐ எழுதாமல் விட முடியாது. 1968-ல் அதே நாள் இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடில் என்றாலும் குடிசைதானே. ஆண்டுதோறும் அன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து வெண்மணி நினைவிடத்துக்கு வேன் போகிறது. மறுநாள் டிசம்பர் 26. 2004-ல் அன்று காலை வந்த சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து தங்கியிருந்த வெளியூர்க்காரர்களும் அதில் உண்டு. நான் அப்போது பிறக்கவில்லை. நண்பன் வீட்டில் அவன் பெரியப்பாவை இழந்தார்கள்.

அதனால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்துமஸ் இப்படித்தான் நடக்கும். 24 நள்ளிரவுப் பூசை. 25 காலையில் நண்பன் வீட்டிலிருந்து தூக்கில் அதிரசமும் அச்சுமுறுக்கும் வந்துவிடும். அதில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு அப்பா வெண்மணி வேனில் ஏறும். 26 காலை நண்பன் வீட்டார் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு நாகைக் கடற்கரைக்குப் போவார்கள். போன வருடம் நானும் போனேன். குடிலை மட்டும் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கலைக்க மாட்டார்கள். அது முடிந்ததும் வைக்கோல் எங்கள் மாட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை