மும்பை–சென்னை விமானப் பாதை: தூரமும் நேரமும்

தாணேயிலிருந்து சென்னை செல்லும் தமிழர் பலர் புகைவண்டிப் பாதையின் நீளத்தை அறிவர். மும்பையிலிருந்து அது ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். விமானப் பாதை அதனினும் குறுகியது. அதன் நீளத்தை மாணவர் தேசப்படத்தைக் கொண்டே கணக்கிடலாம்.

மும்பை விமான நிலையம் வட அட்சரேகை 19.1 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 72.9 பாகையிலும் அமைந்துள்ளது. சென்னை மீனம்பாக்கத்திற்கு இவை முறையே 13.0, 80.2 பாகைகளாம். அட்சரேகை வேறுபாடு 6.1 பாகை; பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 677 கிலோமீட்டர். தீர்க்கரேகை வேறுபாடு 7.3 பாகை, இவ்வட்டாரத்தில் பாகைக்கு 107 கிலோமீட்டர் வீதம் 781 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டராகும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இத்தூரத்தைக் கடக்க 77 நிமிடம் போதும். எனினும், கால அட்டவணை சுமார் இரண்டு மணி நேரம் காட்டுகிறது. இது பிழையன்று. ஓடுபாதையை அடைதல், மெதுவாக மேலேறுதல், வேகந்தணிந்து இறங்குதல், இறங்குமுறைக்குக் காத்திருத்தல் ஆகியவையும் அதில் அடங்கும். காற்றும் கணக்கை மாற்றும்: 80 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றில் அந்த 77 நிமிடம் 86 ஆகும், அதே காற்று பின்னிருந்து வீசினால் 70 ஆகும்.

ஆகவே, தூரத்தை வேகத்தால் வகுத்த விடையையே பயண நேரமெனக் கொள்ளலாகாது என்பதை ஆசிரியர்கள் இக்கணக்கின் வாயிலாக உணர்த்துவார்களாக.