மொட்டைமாடிக்கு ஏற்ற அகலக் கோணம்

வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் பெங்களூர் நீலசந்திராவில், மொட்டைமாடிக்கே ஏறினாலும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர்வீட்டுக் கொடிக்கயிற்றுக்கும் இடையே அகப்படுவதுதான் நமக்கு வாய்த்த ஆகாயம். அதுவும் ஒசூர் ரோட்டு விளக்குகளும் கோரமங்கலத்து விளக்குகளும் சேர்ந்து வெளுக்கடித்த ஆகாயம். இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவனுக்கு அகலக் கோண ஐபீஸ் எதற்கு, அது காட்டிலும் மலையிலும் போய்ப் பார்க்கிறவர்களுக்கு உரிய ஆடம்பரமல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு அங்குல நியூட்டன் தொலைநோக்கியை டாப்சன் பீடத்தில் வைத்துக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துவரும் என் அபிப்பிராயம் அதற்கு நேர் விரோதமானது. அதன் பிரயோஜனம் நகரவாசிக்கே அதிகம். ஆனால் அந்தப் பிரயோஜனம் கடைக்காரர் சொல்லுவது அன்று.

கடைக்காரர் சொல்லுவது, ‘அதிக வானம் தெரியும்’ என்பது. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்ணுக்கு எவ்வளவு வானம் அகப்படும் என்பதை முடிவு செய்வது பெட்டியின்மேல் அச்சிட்ட பாகைக் கணக்கு மட்டும் அன்று. ஐபீஸின் குழலுக்குள் இருக்கிற தடுப்பு வளையத்தின் அகலமே அதற்கு எல்லை. ஒன்றேகால் அங்குலக் குழலில் அந்த வளையம் சுமார் 27 மில்லிமீட்டருக்குமேல் விரிய இடமில்லை. ஆகையால் 50 பாகை காட்டும் 32 மில்லிமீட்டர் பிளாஸல் ஐபீஸும், 68 பாகை காட்டும் 24 மில்லிமீட்டர் அகலக் கோண ஐபீஸும், 1200 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள என் தொலைநோக்கியில் ஏறக்குறைய ஒரே அளவு வானத்தைத்தான் காட்டுகின்றன: ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல், பூரண சந்திரன் இரண்டரையை வரிசையாக வைக்கலாம்.

அப்படியானால் இரண்டாவதற்கு ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? நகரத்து வானம் இங்கேதான் பதில் சொல்லுகிறது. முதலாவது 37 மடங்கு பெருக்குகிறது. இரண்டாவது 50 மடங்கு. முதலாவதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் குறுக்களவு 5.3 மில்லிமீட்டர், இரண்டாவதில் 4 மில்லிமீட்டர். கற்றை சுருங்கியதனால் வானத்தின் வெளிறல் முன்பிருந்ததில் பாதிக்குச் சற்று அதிகமே மிஞ்சுகிறது. நக்ஷத்திரங்களோ வெறும் புள்ளிகளாதலால் மங்குவதில்லை. சாம்பல் பூத்த பின்னணி கறுக்கிறது. அதே வானத்துண்டில் முன்பு கண்ணுக்குத் தட்டுப்படாத நுண்ணிய நக்ஷத்திரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கின்றன. மாசி மாதத்து இரவில் தலைக்குமேல் வரும் பூசத்தின் நக்ஷத்திரக் கூட்டத்தை இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் யாருக்கும் இது விளங்கிவிடும். நெபுலாக்களுக்கு இந்த லாபம் கிடையாது. அவையும் பின்னணியோடு சேர்ந்தே மங்கும்.

இரண்டாவது லாபம் காலத்தில் கிடைப்பது. பூமி சுழலும் வேகத்தில், வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிரகம் நிமிஷத்துக்குக் கால் பாகை வீதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம்முடைய தொலைநோக்கியிலோ அதைப் பின்தொடரும் மோட்டார் இல்லை. 6 மில்லிமீட்டர் ஐபீஸை வைத்து 200 மடங்கு பெருக்கினால், 50 பாகைக் கோணத்தில் அந்தக் கிரகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விட ஒரே நிமிஷம்தான். 66 பாகையில் எண்பது விநாடி. 82 பாகையில் சுமார் நூறு விநாடி. 100 பாகையில் இரண்டு நிமிஷம். தெருப் பிள்ளைகள் படிக்கட்டில் வரிசை கட்டி, ‘அங்கிள், எனக்கு ஒண்ணுமே தெரியலை, போயிடுச்சு’ என்று கூவுகிற மாடியில், இப்படிப் படிக்குப் படி கூடும் இருபது விநாடியின் அருமை தெரியும். மேலும் 6 மில்லிமீட்டர் பிளாஸலில் கண்ணை லென்ஸுக்கு நான்கு மில்லிமீட்டர் அருகே கொண்டு போக வேண்டியிருப்பதால், இமைமயிரின் எண்ணெய் கண்ணாடியில் படிந்துவிடும்; மலிவான 66 பாகை வகையிலும் சுமார் 15 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது.

இந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. வியன்னாவின் பிளாஸல் 1860-இல் செய்த வடிவத்துக்குப் பிறகு, முதல் உலக யுத்தத்தின்போது யுத்த சாதனங்களுக்காக எர்ஃபிள் என்பவர் அறுபது பாகைக்கு விரித்தார். பெரிய பாய்ச்சலைச் செய்தவர் அமெரிக்கரான ஆல் நாக்லர். அப்பல்லோ யாத்திரிகர்கள் சந்திரனில் இறங்கப் பயிற்சி பெற்ற சாதனத்துக்கு 110 பாகைக் காட்சியமைப்பை வடிவமைத்த அனுபவத்தோடு, 1977-இல் டெலிவியூ கம்பெனியைத் தொடங்கி, 1980-இல் 82 பாகை ஐபீஸைக் கொண்டுவந்தார். 2007-இல் அதே கம்பெனி 100 பாகையை எட்டியது.

நூறு பாகை என்றதும் மயங்கிவிட வேண்டாம். கண்ணை உருட்டித் தேடினால்தான் அதன் விளிம்பு தென்படும். விலையும் எடையும் அதற்கேற்றபடி. இரண்டு அங்குலக் குழலுள்ள பெரிய ஐபீஸ்களில் சில ஒரு கிலோ கனக்கும். வைத்தவுடனே டாப்சனின் மூக்கு தாழ்ந்துவிடும். நான் குழாயின் அடிப்பக்கத்தில் துணிப்பையில் எடைக்கல் கட்டித் தொங்கவிடுகிறேன். பார்வைக்கு லட்சணமில்லை, வேலை நடக்கிறது. இத்தகைய ஐபீஸ்கள் இருண்ட வானத்துக்குப் போகும்போது தம் மதிப்பைக் காட்டும். இந்திய வானியற்பியல் நிறுவனம் நமக்குப் பக்கத்திலே கோரமங்கலத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1986-இல் நிறுவி, வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டிய அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஜவ்வாது மலையில், காவலூரில் அல்லவா இருக்கிறது! அப்படிப்பட்ட ஆகாயத்தின்கீழ் இரண்டு அங்குல அகலக் கோண ஐபீஸில் இரண்டு பாகை வானம் விரியும்போது, கார்த்திகைக் கூட்டம் முழுவதும் சுற்றிலும் இருட்டோடு ஒரே பார்வையில் அடங்கும். நீலசந்திராவில் அதே ஐபீஸ் வெளிறிய வானத்தையே அகலமாகக் காட்டும்.

வாங்குமுன் உங்கள் தொலைநோக்கியின் குவிய விகிதத்தைப் பாருங்கள். எஃப் 8, எஃப் 10 போன்றவற்றில் மலிவான அகலக் கோணமும் ஒழுங்காக நடந்துகொள்ளும்; எஃப் 5-இல் அதே ஐபீஸ் விளிம்பில் நக்ஷத்திரத்தைச் சிதைக்கும். அப்போது குற்றம் யாருடையது என்று விசாரிப்பது நல்லது. விளிம்பு நக்ஷத்திரம் திரும்பக் குவித்தால் சரியாகிறதென்றால் அது வெறும் புல வளைவு. குவித்தும் சரியாகாமல், குவியத்தின் இருபுறமும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடாக நீண்டால் பெரும்பாலும் ஐபீஸின் பிழை. தலை நடுவை நோக்கியிருக்க, வால் வெளிப்புறம் நீண்டால் அது தொலைநோக்கிக் கண்ணாடியின் கோமா. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஐபீஸும் அதை மட்டும் தானாகப் போக்காது.

கடைசியாக, பெங்களூர் மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அகலக் கோண ஐபீஸுக்குள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு லென்ஸ்கள் வரை இருக்கும்; உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டால் வீட்டில் கழற்றித் துடைக்க முடியாது. ஆனி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வைத்துவிடுங்கள். அதன் நீல மணிகள் ரோஜா நிறமானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும்.