பறவைகள் புறப்படும் காலம்
வங்காலைச் சேற்றுநிலத்தில் ஒரு பாடம்

மாரி மழையில் நிரம்பிய நீர், பங்குனி பிறந்ததும் மன்னார்த் தாம்போதியின் இருபுறமும் வற்றத் தொடங்குகிறது. வெயில் ஏற ஏறச் சேறு வெளியே தெரிகிறது. வீதியால் பேருந்தில் போகும் ஒருவர் அதனைப் பார்த்து, "ஒன்றுக்கும் உதவாத வெளி" என்று சொல்லக்கூடும். ஆனால் அந்த வெளியில் அப்போது ஆயிரக்கணக்கான பறவைகள் தலை நிமிராமல் இரை தேடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நேரம் போதாது. வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் எழும் காலத்தில் அவை வடக்கே நீண்ட பயணம் புறப்பட வேண்டும்.

இந்தப் புறப்பாட்டை எவ்வாறு பார்ப்பது, எவ்வாறு எண்ணுவது, எதற்காக எழுதி வைப்பது என்பவற்றை இப்பாடத்தில் படிப்போம். இளைஞர் மன்றங்களும் பாடசாலை மாணவரும் மாதர் சங்கங்களும் இதனைச் செய்யலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன?

வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த நிலம், 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. சேற்றுநிலம், உப்புச் சதுப்பு, கண்டல், கடற்புற்கள் வளரும் ஆழமற்ற கடல் ஆகிய யாவும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன.

ஆர்ட்டிக் பகுதியிலும் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடையைக் கழித்த பறவைகள், குளிருக்கு அஞ்சித் தெற்கே வருகின்றன. இந்த வான்வழிக்கு மத்திய ஆசியப் பறப்புவழி என்று பெயர். இலங்கை அதன் தென் அந்தத்தில் இருக்கிறது. நம் தீவுக்கு அப்பால் தெற்கே பெருங்கடலைத் தவிர வேறில்லை. ஆகவே இங்கு வரும் பல பறவைகளுக்கு மன்னார் வழியில் தங்கும் மடம் அன்று; பயணத்தின் முடிவிடம்.

அண்மை ஆண்டுகளில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்த ஒரு கடற்காகத்துக்கு 'மேகா' என்று பெயரிட்டு, அதன் முதுகில் சிறிய செய்மதிக் கருவியைப் பொருத்தி விட்டனர். அது ரஷ்யாவின் ஆர்ட்டிக் கரை வரை சென்று மறுபடியும் மன்னாருக்கே திரும்பியது. போய்வந்த தூரம் 19,000 கிலோமீற்றருக்கும் அதிகம். நம் கரையோரத்தில் மீன்குடலுக்குச் சண்டை பிடிக்கும் பறவை அத்தனை பெரிய பயணி என்பது நமக்கே தெரியாதிருந்தது.

பழந்தமிழர் இதனைக் கவனித்திருந்தனர். வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விட்ட பாடலை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். தென்குமரிக்கு வந்து வடக்கே திரும்பும் பறவையிடந்தான் அவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். பறவை எந்தத் திசையில் திரும்பும் என்பதை அறிந்தவரே அப்படிப் பாட முடியும்.

சேறு என்னும் களஞ்சியம்

சின்ன உள்ளான் ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ளது. வளைமூக்கு உள்ளான் 50 அல்லது 60 கிராம் வரும். இத்தனை சிறிய உடம்போடு சைபீரியா வரை பறப்பதற்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள் கொழுப்பு. புறப்படுவதற்கு முந்திய சில வாரங்களில் இப்பறவைகள் சேற்றிலுள்ள புழுக்கள், சிறு நத்தைகள், இறால் குஞ்சுகள், பூச்சிகளின் புழுப்பருவங்கள் முதலியவற்றை இடைவிடாது தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் சில இனங்கள் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகின்றன. பயணம் நெருங்கும்போது அவற்றின் இரைப்பையும் குடலும் சுருங்கி, வீண்பாரம் குறைகிறது.

இதே காலத்தில் நிறமும் மாறும். தை மாதத்தில் சாம்பல் நிறமாகத் தோன்றிய வளைமூக்கு உள்ளானின் நெஞ்சும் வயிறும் சித்திரையில் செங்கல் நிறம் கொள்ளும். அந்தச் சிவப்பைக் கண்டால் புறப்படும் நாள் தூரத்தில் இல்லை என்று அறியலாம்.

எல்லாப் பறவைகளும் போய்விடுவதில்லை. முதல் ஆண்டுக் குஞ்சுகளில் பல, கோடையிலும் இங்கேயே தங்கிவிடும். நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் நம் ஊரிலேயே கூடு கட்டுகின்றன. பூநாரைகள் இங்கு கூடு கட்டுவதில்லை. இந்தியாவின் கட்ச் வெளியில் அவை பெருந்தொகையாகக் குஞ்சு பொரிக்கின்றன.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நம் மீனவர் பிடிக்கும் இறால்களிற் பல கடலில் முட்டையிட்டாலும், அவற்றின் குஞ்சுகள் கண்டலும் கடற்புல்லும் உள்ள ஆழமற்ற நீரிலேயே வளர்கின்றன. பறவைக்குச் சோறு போடும் சேறு நம் வலைக்கும் சோறு போடுகிறது. சேறு கெட்டால் முதலில் பறவை குறையும். பின்னர் வலை குறையும்.

பார்ப்பது எப்படி?

1. காலை 9 மணிக்கு முன்னரோ மாலை 4 மணிக்குப் பின்னரோ செல்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும்.

2. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி ஒன்று ஒரு குழுவுக்குப் போதும். அது இல்லாவிட்டாலும் பூநாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான் ஆகியவற்றை வெறுங்கண்ணாலேயே அறியலாம்.

3. முதலில் பெயரைத் தேடாதீர்கள். அலகைப் பாருங்கள்: நீளமா, குட்டையா, நேரா, வளைந்ததா? காலின் நிறத்தைப் பாருங்கள். இரை தேடும் விதத்தைப் பாருங்கள். அலகைத் தையல் ஊசிபோல் விரைந்து குத்துவதும், ஓடி நின்று கொத்துவதும், தலையைக் கவிழ்த்து நீரை வடிப்பதும் வெவ்வேறு பறவைகள்.

4. பறவைகள் தலை நிமிர்ந்து ஒன்றாய் உங்களைப் பார்த்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். உடனே நில்லுங்கள், மெல்லப் பின்வாங்குங்கள்.

நான்காவது விதியே முக்கியமானது. பறவைக் கூட்டம் எழும்பிப் பறப்பது கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு கரைகிறது. இரை தேடும் நேரமும் போகிறது. பூநாரையோ நீரில் சில அடி ஓடித்தான் மேலெழ முடியும். படம் எடுப்பதற்காகக் கல்லெறிவதும், காய்ந்த வெளியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், நாயை அவிழ்த்து விடுவதும் அந்தப் பறவையின் வழிச்செலவைத் திருடுவதற்குச் சமம். வெளியூர்ப் பயணிகளை அழைத்து வரும் நம் இளைஞர்கள் இதனைத் தயங்காமல் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எண்ணுவது எப்படி?

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாய் எண்ண முடியாது. முதலில் 20 பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். முழுக் கூட்டத்திலும் அத்தகைய துண்டுகள் எத்தனை என்று பாருங்கள். 14 துண்டுகள் இருந்தால் 280 பறவைகள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் பிழை குறையும். ஆரம்பத்தில் இருவர் கணக்கும் வெகுவாக மாறுபடும். நாலைந்து வாரப் பழக்கத்தில் நெருங்கி வரும்.

ஒரு சாதாரணக் கொப்பியில் ஆறு நிரல்கள் போடுங்கள்: திகதி, நேரம், இடம், காற்றும் நீரும், பறவையும் தொகையும், கண்ட இடையூறுகள். தவக்காலம் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா தாண்டிச் சித்திரை முடியும் வரை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்கு 'வளைந்த அலகு, சிவந்த வயிறு' என்று எழுதினாலும் போதும். காணாததை எழுத வேண்டாம். ஒன்றுமே காணாத நாளையும் எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான்.

நாம் ஏன் எழுத வேண்டும்?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. அறிந்தோர் வெளியூர்களிலிருந்து வந்து எண்ணிச் செல்கின்றனர். அது பயனுள்ள வேலை. ஆனால் எந்த வாரத்தில் கூட்டம் பெருகியது, எந்த இரவில் கிளம்பியது, எந்த மூலையில் கடைசிவரை நின்றது என்பவற்றை ஒருநாள் வந்து போகிறவர் காண முடியாது. தினமும் அவ்வழியே கடலுக்குப் போகிறவரும், சைக்கிளில் பாடசாலைக்குப் போகிற பிள்ளையுமே காண முடியும்.

எழுத்தில் இல்லாத நிலம் காகிதத்தில் தரிசு நிலமாகிவிடும். தரிசு என்று எழுதிய இடத்தில் குப்பை கொட்டலாம், இறால் குளம் வெட்டலாம், உயர் அழுத்த மின்கம்பி இழுக்கலாம். கம்பியில் மோதிப் பெரும் பறவைகள் இறப்பது பல நாடுகளில் கண்ட உண்மை. மின்சாரமும் தொழிலும் நமக்கு வேண்டியவையே. எங்கே, எப்படி அமைப்பது என்று பேசும் கூட்டத்தில் கிராமத்தவர் வாய்ப்பேச்சோடு மட்டும் போய் நின்றால், "சான்று எங்கே?" என்று கேட்பார்கள். ஐந்தாறு பங்குனிகளின் கொப்பி கையில் இருந்தால் அது சான்று.

எரேமியா இறைவாக்கினர் (8:7) பறவைகள் தம் பருவத்தை அறிந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, மக்கள் தம் கடவுளின் நெறியை அறியாதிருப்பதைக் கண்டிக்கிறார். பறவை தன் காலத்தில் வருகிறது, தன் காலத்தில் போகிறது. மீண்டும் ஐப்பசியில் வரும்போது சேறு அங்கே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது நம் பங்கு.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் ஊரின் குளம், கழிமுகம் அல்லது சேற்றுநிலத்துக்கு எந்த மாதத்தில் எந்தப் பறவைகள் வருகின்றன? முதியோரிடம் அவற்றின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.

2. முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்டு இன்று காணாத பறவை எது? மீன் அல்லது இறால் எது?

3. அந்த நிலத்தை ஊரில் யார் யார், எதற்குப் பயன்படுத்துகின்றனர்? அது கெட்டால் முதலில் இழப்பவர் யார்?

4. வரும் பங்குனியில் வாரம் ஒருமுறை எண்ணுவதற்கு உங்கள் மன்றத்தில் எவ்விருவர் முன்வருவர்? கொப்பி யார் பொறுப்பில் இருக்கும்?