கலைக் குழுக்களுக்கு அரசு மானியம்: தேர்வு நடக்கும் விதமும் பணம் வரும் விதமும்

நம் தங்கவயலில் தெருக்கூத்து ஆடுவோரும், பறையும் மேளமும் வாசிப்போரும், நாடகம் போடும் இளைஞர்களும் இன்றும் இருக்கின்றனர். சுரங்கம் ஓடிய நாளில் இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் அதிகம் யோசித்ததில்லை. சம்பளம் வாங்கிய லைன் வீடுகள் சந்தா கொடுத்தன, விழா நடந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் அந்தச் சந்தா சுருங்கிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு ஒத்திகைக்கு நேரம் கிடைப்பதே அரிது. இதில் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் அவர்கள் எங்கே போவார்கள்?

அரசு மானியம் வாங்கலாமே என்று சொன்னால், "அதெல்லாம் ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் சார்" என்பதே நம்மிடையே வழக்கமான பதில். அது முழுக்கப் பொய் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஆள் தெரியாமல் போன மானியத்தைவிடக் காகிதம் இல்லாமல் போன மானியமே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே இந்தப் பணம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கலைக்கு அரசு பணம் கொடுக்கும்போது ஒரு பழைய சிக்கல் உண்டு. பணம் மக்களுடைய வரிப்பணம். ஆனால் எந்தக் கூத்து நல்ல கூத்து என்று அமைச்சரோ அதிகாரியோ முடிவு செய்வது சரியா? பிரிட்டனில் 1946இல் கலை மன்றம் அமைத்தபோது அவர்கள் கண்ட வழி இது: மொத்தத் தொகையை அரசு தரும், யாருக்கு எவ்வளவு என்பதைக் கலை தெரிந்தவர்கள் அடங்கிய மன்றம் முடிவு செய்யும். பொருளாதார மேதை கெய்ன்ஸ் இதற்கு முன்னின்று உழைத்தார். மன்றம் முறைப்படி அமையும் முன்பே காலமானார். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1961 முதல் ஓட்டல் அறை வரியில் ஒரு பகுதியைக் கலை அமைப்புகளுக்கு ஒதுக்கி வருகிறது. அங்கே 1932 முதல் நகரக் கலை ஆணையம் ஒன்றும் உண்டு. கலைஞர்களும் பொதுமக்களும் அமர்ந்து விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுவது அந்நகரத்து முறை.

நம் நாட்டிலும் இதே எண்ணத்தில்தான் சங்கீத நாடக அகாடமி 1952இல் உருவாக்கப்பட்டு, 1953 ஜனவரியில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த பி.வி. இராஜமன்னார். நாடகம் எழுதியவரும்கூட. தமிழகத்தில் 1955இல் தோன்றிய சங்கீத நாடக சங்கம்தான் பின்னர் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்று பெயர் பெற்றது.

இனி நமக்கு வேண்டிய பகுதிக்கு வருவோம். மத்திய கலாச்சார அமைச்சகத்தில் கலை விழா, நாடகத் தயாரிப்பு, பயிலரங்கம் போன்றவற்றுக்கு ஒரு மானியத் திட்டம் உள்ளது. உச்சவரம்பு 5 இலட்சம் ரூபாய். தனிச்சிறப்பான நேர்வுகளில் 20 இலட்சம் வரை. விண்ணப்பங்களை நிபுணர் குழு பார்க்கும். அமைப்பு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளாகச் செயல்பட்டு வந்திருக்க வேண்டும். மத நிறுவனமாக நடப்பவையும், பள்ளி கல்லூரிகளாக நடப்பவையும் இதில் சேர முடியாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம்மவர்கள் பலர் விழுந்துவிடுகிறார்கள். நம் ஊரில் கூத்துக் குழு அம்மன் கோயில் விழாக் குழுவோடு ஒட்டியிருக்கும்; பாட்டுக் குழு தேவாலயத்தோடு ஒட்டியிருக்கும். கோயில் கமிட்டி பெயரில் விண்ணப்பம் போனால் கலையின் தரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்; முதல் பக்கத்திலேயே தள்ளுபடி. குழு கோயிலிலேயே ஆடட்டும், அதில் தவறில்லை. ஆனால் அதற்குத் தனிப் பெயர், தனிப் பதிவு, தனி வங்கிக் கணக்கு வேண்டும். கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். ஏழு பேர் இல்லாமல் எந்தக் கூத்தும் நடப்பதில்லை!

குழுவின் முன் போகும் விண்ணப்பத்தில் என்ன இருக்கும்? நீங்கள் ஆடியதை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது அழைப்பிதழ், தேதியுள்ள புகைப்படம், பத்திரிகைச் செய்தி, ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, இவ்வளவே. முப்பது வருடம் கூத்தாடிய வாத்தியார் ஒருவரிடம் ஒரு நோட்டீசுகூட இராது. நேற்று தொடங்கிய நகரத்துக் குழுவிடம் வண்ணப் படத்தோடு கோப்பு இருக்கும். இது நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு: அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலை நடக்காத வேலை. பாலம் கண் முன்னே நின்றாலும் புத்தகத்தில் ஏறினால்தான் பில் பாஸாகும். மானியக் குழுவும் அதே கண்ணோடுதான் பார்க்கிறது.

இப்போது பணக் கணக்கு. இதை நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறேன். குழுக்கள் கடனில் மாட்டுவது இங்கேதான். மானியம் மொத்தச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் போகாது. கால் பங்கு நம்முடையது. அனுமதியான மானியமும் ஒரே தவணையில் வராது; முதலில் 75 விழுக்காடு, மீதி 25 விழுக்காடு நிகழ்ச்சி முடிந்து கணக்குக் கொடுத்தபின்.

மூன்று நாள் தெருக்கூத்து விழாவுக்கு 4 இலட்சம் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்ச மானியம் 3 இலட்சம். "மூணு இலட்சம் வந்துடுச்சு" என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் விழாவுக்கு முன் கையில் வருவது 2,25,000 மட்டுமே. விழா முடியும் இரவில் பந்தல்காரரும், ஒலிபெருக்கிக்காரரும், சமையல்காரரும் நிற்பார்கள். அவர்களுக்கு முழுத்தொகை கொடுத்தாக வேண்டும். ஆக, குழு தன் பங்கான 1 இலட்சத்தோடு, பின்னால் வரவேண்டிய 75,000த்தையும் சேர்த்து 1,75,000 ரூபாயைத் தானே புரட்ட வேண்டும். நிபுணர் குழு தொகையைக் குறைத்து 2 இலட்சம் மட்டும் அனுமதித்தால் முதல் தவணை 1,50,000. நாம் புரட்ட வேண்டியது 2,50,000! வட்டிக்கு வாங்கினால் வரும் மானியத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போய்விடும். வீட்டு நகையை அடகு வைத்து விழா நடத்திய குழு ஒன்றை நான் அறிவேன். கடைசித் தவணை வருவதற்குள் இரண்டு முறை அடகைப் புதுப்பித்தார்கள்.

இதற்கு மருந்து எஸ்டிமேட்டைச் சின்னதாகப் போடுவதே. மூன்று நாள் விழாவை ஒரு நாளாக்கி 1,20,000க்குள் முடித்தால், முழு மானியமான 90,000 அனுமதியானாலும், முன்கூட்டிப் புரட்ட வேண்டியது 52,500தான். அதை ஒரு சங்கம் சந்தாவிலேயே திரட்டிவிடலாம். பெரிய தொகை கேட்டால்தான் மதிப்பார்கள் என்று சிலர் நினைப்பதை நான் ஏற்கவில்லை. முடிக்கக்கூடிய வேலையைக் கேட்பவனையே எந்தக் குழுவும் நம்பும்.

கடைசித் தவணைக்கு வேண்டியது பயன்பாட்டுச் சான்றிதழ். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இதற்கென 12-ஏ என்ற படிவம் உள்ளது. வாங்கிய பணம் எதற்காகத் தரப்பட்டதோ அதற்கே செலவானது என்று உறுதி கூறுவது இது. பட்டயக் கணக்கர் தணிக்கை செய்த கணக்கையும், நிகழ்ச்சிப் படங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இது போகாவிட்டால் மீதித் தவணையும் இல்லை, அடுத்த மானியமும் இல்லை. கலைஞர்களுக்குக் கொடுக்கும் சன்மானத்தைக் கூடியமட்டும் வங்கி வழியே கொடுப்பது நல்லது. கையில் கொடுத்தால் அன்றே வவுச்சரில் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து. பறையடித்த அண்ணனை ஆறு மாதம் கழித்துத் தேடிப் போனால் அவர் ஓசூரில் இருப்பார், திருப்பூரில் இருப்பார்.

விழாவைவிடப் பயிற்சியே முக்கியம் என்று நினைக்கும் குழுக்களுக்குக் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டம் பொருந்தும். இதில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும், சீடர்களுக்கு வயதுக்கேற்ப 2,000 முதல் 10,000 வரையும் தருகிறார்கள். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் எல்லைக்குள் கர்நாடகமும் சேர்ந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். தமிழிலேயே கடிதம் எழுதிக் கேட்கலாம் என்பது நமக்கு ஒரு வசதி.

மாநில அளவில் கன்னட மற்றும் பண்பாட்டுத் துறை சங்கங்களுக்கு நிதியுதவி தருகிறது. விண்ணப்பம் கன்னடத்தில், சேவா சிந்து தளம் வழியாக அழைக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கான துணைத் திட்டங்கள் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுத் துறைகள் அம்மக்களுக்கென நிதி ஒதுக்க வேண்டியுள்ளது. பண்பாட்டுத் துறையும் அவ்வகையில் கலைஞர்களுக்கு உதவுகிறது. நம் பகுதியில் பறையும் கூத்தும் பெரும்பாலும் யார் கையில் உள்ளன என்பதை நினைத்தால் இந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்பது விளங்கும். கோலாரில் உள்ள துறையின் மாவட்ட அலுவலகத்தில் அவ்வாண்டு அறிவிப்பையும் கடைசித் தேதியையும் கேட்டறியலாம். கன்னட விண்ணப்பத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல மகள் கன்னடத்தில் எழுதிவிடுவாள்.

பதிவு செய்ய விரும்பும் குழுக்கள் பெயர், ஏழு உறுப்பினர் முகவரி, நோக்கம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு ஞாயிறு மாலை நம் சங்க நூலகத்துக்கு வரலாம். விதிமுறை எழுத நான் உடனிருப்பேன். மூன்றாண்டுக் கணக்கு பதிவுத் தேதியிலிருந்தே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. அதனால் இந்த ஆண்டு பதிவு செய்யும் குழு மானியம் கேட்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நோட்டீசும், தேதி போட்ட இரண்டு படங்களும், ஒரு வரவு–செலவுத் தாளும் ஒரே கோப்பில் சேரட்டும்.