ஒரு காட்சியின் மேல் இன்னொரு காட்சி: கைத்தொலைபேசியில் விளக்க வீடியோ

சோளத்தைத் தாக்கும் படைப்புழுவைப் பற்றி எமது குழுவினர் மூன்று நிமிட வீடியோ ஒன்றைக் கைத்தொலைபேசியில் தயாரித்தோம். படமும் பேச்சும் நன்றாகவே இருந்தன. அழகுக்காக அதன் மேல் பொன்னிற ஒளி பாய்வது போன்ற ஒரு மேலடுக்கையும் போட்டோம். ஊர்க்கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர், "தம்பி, இது பசளை காணாத சோளம் எல்லோ? இலை மஞ்சளாய்க் கிடக்குது" என்றார். தோட்டத்தில் இலை பச்சையாகத்தான் இருந்தது. அதை மஞ்சளாக்கியவர்கள் நாங்களே. அவர் அதை நம்பி மறுநாள் யூரியா வாங்கப் போயிருந்தால் செலவு அவருடையது, தவறு எங்களுடையது. இந்தப் பாடத்தை எழுத எம்மைத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

மேலடுக்கு என்பது ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் மேல் வைக்கப்படும் இன்னொரு படம், வீடியோ அல்லது வரைவு ஆகும். காப்கட் செயலியில் இதனை 'ஓவர்லே' என்றும், கைன்மாஸ்டரில் 'லேயர்' என்றும், இன்ஷொட்டில் 'பிஐபி' என்றும் அழைப்பர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. முதலில் அடிப்படை வீடியோவைத் திறந்து, மேலடுக்கு தோன்ற வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின் படத்தைச் சேர்த்து, இரு விரல்களால் சிறிதாக்கி, வேண்டிய மூலைக்கு இழுக்க வேண்டும். கீழே காணப்படும் அதன் பட்டியின் ஓரங்களை இழுத்தால் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம். இவற்றை அரை மணித்தியாலத்தில் பழகிவிடலாம். கடினமான விடயம் எதை வைப்பது, எதை விடுவது என்பதே.

படைப்புழுவையே எடுத்துக்கொள்வோம. மக்கள் 'சேனா புழு' என்று சொல்லும் இப்புழு அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 2016 இல் ஆபிரிக்காவிலும், 2018 இல் இந்தியாவிலும், அதே ஆண்டில் எமது நாட்டிலும் காணப்பட்டது. சோளத்தில் வேறு புழுக்களும் உண்டாகையால் அடையாளம் முக்கியம். வளர்ந்த படைப்புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'வை' எழுத்துப் போன்ற வெளிறிய கோடு இருக்கும். வால்பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். தோட்டத்தில் நின்று எடுத்த வீடியோவில் இவை தெரியமாட்டா. ஆகவே புழுவை வெள்ளைத் தாளில் வைத்து மிக அருகில் ஒரு படம் எடுத்து, அதனைத் திரையின் மூன்றிலொரு பங்கு அளவில் மேலடுக்காக வைத்தோம். 'மாஸ்க்' என்ற வசதியில் வட்டத்தைத் தெரிந்தால் பூதக்கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். ஆறு விநாடிகளாவது நிற்கவிட வேண்டும். குஞ்சுப் புழுவில் இக்கோடு தெளிவாகத் தெரியாது. அதற்கு இலையில் பச்சை சுரண்டப்பட்டுக் கண்ணாடி போலத் தெரியும் இடங்களைக் காட்ட வேண்டும். புழு வளர்ந்து குருத்துக்குள் இறங்கிய பின் மருந்து அதனைச் சென்றடைவது கடினம். எனவே இந்தக் குஞ்சுப் பருவத்துப் படமே விவசாயிக்கு அதிகம் பயன்படும்.

இனி 'பிளெண்ட்', அதாவது இரு படங்களையும் கலக்கும் முறை. இதில் 'மல்டிப்ளை', 'ஸ்கிரீன்' என்ற இரண்டையும் விளங்கிக்கொண்டால் போதும். கருமைக்கு 0, வெண்மைக்கு 1 என்று செயலி கணக்கு வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மல்டிப்ளை என்றால் பெருக்கல். எந்த எண்ணையும் 1 ஆல் பெருக்கினால் அது மாறாது. 0 ஆல் பெருக்கினால் 0 ஆகும். ஆகவே மேலடுக்கின் வெள்ளை மறைந்துபோக, கறுப்பு மட்டும் எஞ்சும். ஸ்கிரீன் இதற்கு நேர்மாறு: கறுப்பு மறையும், வெள்ளை நிற்கும்.

இதனால் எமக்கு என்ன இலாபம்? அம்புக்குறியோ படமோ காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் தடிப்பாக வரைந்து, வெளிச்சமான நிழலில் படம் பிடித்து, மல்டிப்ளையில் போட்டால் தாள் மறைந்து கோடு மட்டும் இலையின் மேல் நிற்கும். தாள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அதன் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியதை ஸ்கிரீனில் போடலாம். ஒன்றை மறக்கக்கூடாது: இருண்ட மண்ணின் மேல் கறுப்புக் கோடு தெரியாது, வெளுத்த வானத்தின் மேல் வெண்கட்டியும் தெரியாது. பின்னணியைப் பார்த்தே முறையைத் தெரிய வேண்டும்.

கருமை மறைவது புதிய வித்தையல்ல. பிரெஞ்சுக்காரரான ஜோர்ஜ் மெலியெஸ் 1898 இல், தன் தலையைத் தானே கழற்றி மேசையில் வைப்பது போன்ற படமொன்றைத் தயாரித்தார். கறுப்புப் பின்னணியில் ஒளி படாத படச்சுருளின் பகுதி பழுதாகாமல் இருக்கும். அதில் மீண்டும் படம் பிடிக்கலாம். அன்று அவர் சுருளில் செய்ததை இன்று செயலி எண்களில் செய்கிறது.

எமது பொன்னிற ஒளியும் ஸ்கிரீன் முறையில் போடப்பட்டதே. அது மஞ்சளைப் படம் முழுவதும் பூசிவிட்டது. இலை, மண், காயம், தண்ணீர் ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய காட்சிகளில் எந்த ஒளி மேலடுக்கும் வேண்டாம் என்பது இப்போது எமது குழுவின் தீர்மானம். கலியாண வீட்டு வீடியோவுக்கு அது பொருந்தும். அதுபோல, வரட்சியில் எடுத்த காட்சியின் மேல் செயலியிலுள்ள மழையைப் பெய்ய வைப்பதும், வேறு நாட்டுத் தோட்டத்துப் படத்தை எம்முடையது போல ஒட்டுவதும் தகாது. பிறரின் படமாயின் அனுமதி பெற்று, எங்கிருந்து வந்தது என்பதை அதன் மேலேயே எழுதுங்கள். 'முன்', 'பின்' என்று இரு படங்களை அருகருகே வைக்கும்போது ஒரே இடத்தில், ஒரே நேர வெளிச்சத்தில் எடுத்து, திகதியையும் இடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருக்கப்பட்டு நுண்ணிய எழுத்துக்கள் கலங்கிவிடும். முடித்ததை முதலில் குழுவில் ஒருவருக்கு அனுப்பி, மிகச் சிறிய திரையுள்ள தொலைபேசியில், வெயிலில் நின்று பாருங்கள். மேலடுக்கு இல்லாத மூல வீடியோவை அழிக்க வேண்டாம். எமது மஞ்சள் சோளத்தைத் திரும்பப் பச்சையாக்க அதுவே கைகொடுத்தது.